கறிப்பொடியும் ஒன்றரை நாள் சிங்கப்பூரும்

கசகசா போடாதே என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சொன்னதோடு நிற்கவும் இல்லை. மதினி அடுப்பில் சரக்கை வறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, ஏலக்காய் என்று ஒவ்வொன்றும் சட்டியில் விழுவதைப் பார்த்து, கசகசா டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். என் கொழுந்தன் துபாயில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவன். கசகசா போதைச் செடியின் விதை என்று அங்கே தடையாம். அதோடு விமானம் ஏறி, இறங்கிய இடத்தில் போலீசிடம் மாட்டிக்கொண்டவர்களின் கதையை அவன் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருந்தது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி இல்லை. தேனிப் பக்கம் கம்பம் ஊரில் எங்கள் தெருவிலேயே எதிர் வரிசை வீடு. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் அவள் எனக்கு மதினி. அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு உரக்கடை. நாள் முழுக்க விவசாயிகளோடு மல்லுக்கட்டுவதால் என் தொண்டையும் கோபமும் கொஞ்சம் உசத்தி என்று ஊரில் பேச்சு. மூன்றாவது ஆள் டீச்சர். கூடலூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து, ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் மூச்சுக்கூட விடமாட்டார். விடிகாலையில் மூவரும் சேர்ந்து நடக்கப் போவோம். அப்படி நடக்கும்போதுதான் இந்தப் பயணமே முடிவானது. என் மகன், டீச்சர் மகன், மதினியின் மகள் மூவரும் ஆஸ்திரேலியாவில் ஒரே நகரத்தில் இருக்கிறார்கள். தனித்தனியாய்ப் போய்த் தடுமாறுவானேன், ஒன்றாகவே போவோம் என்றேன் நான். போகிற வழியில் சிங்கப்பூரில் ஒன்றரை நாள் இறங்கி ஊர் பார்க்கலாம் என்றார் டீச்சர்.

எனக்கும் டீச்சருக்கும் அது பிள்ளையைப் பார்க்கப் போகும் பயணம், அவ்வளவுதான். மதினிக்கு அப்படி இல்லை. அவள் மகள் நான்கு வருடத்துக்கு முன் கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டாள். போடி பஜாரில் கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். தங்கமான பையன். ஆனால் அண்ணன் அன்றைக்கு மூடிய வாய்தான். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. மகள் என்று ஒருத்தி இருப்பதையே பேச்சிலிருந்து எடுத்துவிட்டார். மகள் சுகமா என்று யாராவது கேட்டால், திராட்சை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று பதில் சொல்வார். மகளிடமிருந்து வீட்டுக்குப் போன் வந்தால், மோட்டார் போடணும் என்று தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மதினி அவருக்கும் பயந்து, மகளுக்கும் பரிந்து, இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். அம்மா வருகிறாள் என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நம் வீட்டுக் கறிப்பொடி கொண்டு வா, எனக்கு வேறு எதுவும் இறங்கமாட்டேன் என்கிறது என்றாளாம். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. மதினி அதை என்னிடம் சொன்னபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நகை, சேலை எதையும் அந்தப் பெண் கேட்கவில்லை. பொடி கேட்டாள். அதனால் அந்தப் பொடிதான் மதினிக்குச் சீர்வரிசை, எல்லாம்.

அண்ணனிடம் டிக்கெட் போட்டதைச் சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வறுத்த சரக்கை மட்டும் வழக்கம்போல் தூக்குவாளியில் போட்டு வண்டியில் வைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்தார். வறுப்பதும் காயவைப்பதும் பெண்கள் வேலை, மில்லில் நின்று அரைத்து வாங்குவது ஆண்கள் வேலை என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். புறப்பட்ட நாளில் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, மதுரை வரைக்கும் கூட வராமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆண்டிபட்டி தாண்டும் வரைக்கும் மதினி காரின் பின்கண்ணாடி வழியாய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே பெட்டியில் வைத்தால் எடை கூடும் என்று பொடியை மூன்று பொட்டலமாய்ப் பிரித்து ஆளுக்கு ஒன்றாய் வைத்திருந்தோம். ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று சொல்லிக் காட்ட வேண்டும், மசாலாப் பொடியை விட்டுவிடுவார்கள் என்று டீச்சர் மகன் சொல்லியிருந்தான். ஆகவே யாருக்கும் கவலை இல்லை. விமானம் சிங்கப்பூரில் இறங்கும் முன், போதைப் பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று மைக்கில் ஒரு பெண் இனிமையான குரலில் அறிவித்தாள். டீச்சர் என் கையைக் கிள்ளி, எவ்வளவு பதமாய்ச் சொல்கிறாள் பார் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. ஓட்டல் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில். காலையில் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தால் மல்லிகைப் பூவும் சாம்பிராணியும் மணக்கிறது, நாலு கடை தள்ளிச் சீனர்கள் ஊதுபத்திக் கட்டைக் கொளுத்திக் கும்பிடுகிறார்கள், அதற்கும் அந்தப் பக்கம் பள்ளிவாசல். ரயிலில் நாலு பாஷையில் அறிவிக்கிறார்கள், அதில் ஒன்று தமிழ். முதல் தடவை அதைக் கேட்டதும் டீச்சர் கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார், கொடியேற்றும்போது நிற்பாரே அப்படி. வெட்டிய அன்னாசி விற்ற ஒரு சீனக் கிழவர் எங்கள் சேலையைப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, இனிப்பு" என்றார். நான் அவரிடம் இரண்டு தரம் வாங்கினேன். கடலோரத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்கள். மலாய்க்காரப் பெண் ஒருத்தி எங்கள் மூவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தாள்.

மதினி எதையும் பார்த்தாளா என்றே தெரியவில்லை. கப்பலைக் காட்டினால் அங்கே இப்போது மணி என்ன என்பாள். விளக்குகளைக் காட்டினால் இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா என்பாள். எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட வந்தது. ஒன்றரை நாள்தானே, கொஞ்சம் கண்ணைத் திறந்து பாரேன் என்று கடிந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் விமானம். காலையில் தேக்கா சந்தைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மளிகைக் கடையில் நுழைந்தோம். உள்ளே எங்கள் ஊர்ச் சந்தை மாதிரி அத்தனையும் இருந்தது. கருவாடு, புளி, வெல்லம், தேனி முருங்கைக்காய்க்கு அண்ணன் தம்பி போல நீளநீளமாய் முருங்கைக்காய். எனக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாம் இருக்கிறதே, கசகசா இருக்கிறதா என்று கடைக்காரரைச் சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. நாலு தலைமுறையாய் அங்கே இருக்கிற தமிழர். கல்லாவை விட்டு எங்கள் பக்கத்தில் வந்தார். "விளையாட்டுக்குக்கூட அத இங்க கேக்காதீங்கம்மா. தடை செஞ்ச பொருள். பொடியில கலந்திருந்தாலும் தப்புதான்" என்றார். ஊரிலிருந்து வந்த அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி மசாலாவில் கலந்து கொண்டுவந்தாளாம், விமான நிலையத்தில் மணிக்கணக்கில் உட்கார வைத்து விசாரித்ததில் போக வேண்டிய விமானமும் போய்விட்டதாம். எங்கள் பொடியில் கிடையாது, நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கல்லாவுக்குத் திரும்பினார்.

டீச்சர் முகத்தில் அதற்கப்புறம் ஈயாடவில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும், எதற்கும் பொட்டலத்தைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றார். நான் இருக்கிறேனே சாட்சிக்கு என்றேன். சாட்சி இருக்கட்டும், பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றார். மதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னை நம்பலையா டீச்சர் என்று கேட்டாள். டீச்சர் ஓட்டல் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தார். முட்டிவலிக்காரர், அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போனார்.

அறைக்கு வந்ததும் தன் பெட்டியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கரண்டி பொடியை எடுத்து, ஓட்டல்காரன் வைத்திருந்த வெள்ளைத் தட்டில் கொட்டி ஜன்னல் ஓரமாய் வைத்துப் பரப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார்.

உரக்கடையில் விதையும் விற்கிறேன். கத்தரி விதைக்கும் மிளகாய் விதைக்கும் வித்தியாசம் தடவிப் பார்த்தே சொல்வேன். சிவந்த பொடிக்குள் அங்கங்கே வெளுப்பாய், கடுகைவிடப் பொடிசாய், உருண்டை உருண்டையாய்க் கிடந்தது. கசகசா மில்லில் முழுக்க அரைபடாது, பாதி அப்படியே தப்பித்து வந்துவிடும். விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அடுத்த பொட்டலத்தைப் பிரித்தோம். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் வீட்டுக்குப் போன பிற்பாடு அலமாரியில் ஏறி எடுத்துப் போட்டிருக்கிறாள், என்னைக் கிறுக்கச்சி ஆக்கிவிட்டாள் என்றுதான் தோன்றியது. மதினியைப் பிடித்துக் கேட்டேன், கேட்ட விதம் கொஞ்சம் அதிகம்தான். எங்கள் மகன்களைப் பார்க்கவிடாமல் எங்களையும் சேர்த்துக் கம்பி எண்ண வைக்கப் போகிறாயா என்றெல்லாம் கேட்டுவிட்டேன். நேற்று காலையில் இதே பெட்டியோடு சீருடைக்காரர்களைத் தாண்டி, வணக்கம் வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னும் சில மணி நேரத்தில் அதே வழியாய்த் திரும்பிப் போக வேண்டும்.

மதினி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போடல மதினி. எம்மக மேல சத்தியமாப் போடல" என்றாள்.

"அப்ப இது தானா மொளச்சு வந்துச்சா?" என்றார் டீச்சர்.

மகள் மேல் சத்தியம் என்றதும் எனக்கு உள்ளே எங்கேயோ இடித்தது. மதினி பொய் சொல்லுவாள், இல்லை என்று சொல்லமாட்டேன். மல்லி விலையில், வயதில், நடக்கப் போகாத நாளில் தலைவலி என்பதில் எல்லாம் சொல்வாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மகள் மேல் சத்தியம் வைத்துச் சொல்லமாட்டாள். அப்படியானால் யார்? வாளி அவள் கையை விட்டுப் போனது ஓர் இடத்துக்குத்தான். மில்லில் யாருடைய சரக்காவது கலந்திருக்குமோ என்று கேட்டேன். மதினி போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

அண்ணன் தோட்டத்தில் இருந்தார். பின்னால் மருந்து அடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொடியில் எதுவும் கலந்ததா என்று மதினி கேட்டாள். அரைக்கக் கொடுத்ததை அரைத்து வந்தேன், அதற்கு என்ன இப்போது என்று எரிந்து விழுந்தார். கசகசா கிடக்கிறதே என்றாள். மிஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"வாளியில கையவிட்டுப் பாத்தேன். கசகசாவக் காணோம்" என்றார். "நீ மறந்துட்டன்னு நெனச்சு, பக்கத்துக் கடையில வாங்கி, அங்கனயே சூடு காட்டிப் போட்டு அரைச்சேன்."

மதினி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கசகசா இல்லாட்டி அவ சோத்துல கை வைக்கமாட்டால்ல" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

டீச்சருக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். குற்றவாளி கிடைத்துவிட்டார், இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம், கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவோம் என்றார். நியாயமான பேச்சு. நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மதினி எழுந்து, விரித்துக் கிடந்த மூன்று பொட்டலத்தையும் மடித்து, ரப்பர் போட்டு, தன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்து மூடினாள். பூட்டினாள். பூட்டிவிட்டுப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராது. எல்லாம் எம்பெட்டியிலயே இருக்கட்டும். புடிச்சா என்னயப் புடிக்கட்டும்" என்றாள்.

எத்தனை விதமாய்ச் சொல்லிப் பார்த்தோம். கடைக்காரர் சொன்ன பெண்ணின் கதையைத் திரும்பச் சொன்னோம். விமானம் தப்பினால் மகள் அங்கே தவித்துப் போவாள் என்றோம். ஏழு மாதக்காரிக்குத் தாயைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று செய்தி போனால் என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டார். அதற்கு மட்டும் மதினி கண் ஒரு தடவை ஆடியது. இறங்கவில்லை. அரைத்த பொடிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்ததே, அவர்களுக்குத் தெரியாதா என்று கத்தினேன். சுவர் மெல்லிசு, கத்தாதீர்கள் என்று டீச்சர் வாயைப் பொத்தினார். வெளியே வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது எங்கள் கதவைத் தாண்டுகிற வரைக்கும் மூவரும் அசையவில்லை.

அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கோபத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. என் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

எடுத்ததும் பிடித்துக்கொண்டேன். இங்கே இந்தச் சரக்குக்குத் தடை, பிடித்தால் விசாரணை, உங்கள் சம்சாரம் பெட்டியைப் பூட்டி மேலே உட்கார்ந்திருக்கிறாள், வந்து இறக்கிவிடுங்கள் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். இத்தனை நாள் மகள் இருக்கிறாளா செத்தாளா என்று கேட்காத மனுஷர், கடைசி நிமிடத்தில் கசகசா வாங்கிப் போட்டு எல்லோர் தலையிலும் கல்லைப் போட்டுவிட்டீர்களே என்றும் சொன்னேன். அது அதிகம் என்று சொல்லும்போதே தெரிந்தது. வாயில் வந்துவிட்டது.

அண்ணன் திருப்பித் திட்டவில்லை. இப்படி என்று தெரியாதுத்தா என்றார். பிறகு, கொட்டிவிடச் சொல்லுத்தா என்றார். குரல் இறங்கியிருந்தது.

மதினி பெட்டி மேலிருந்தபடியே பேசினாள். சத்தம் போடவில்லை. என்னிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் போன் என் கையில் இருந்தது, அண்ணனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும்.

"இந்த நாலு வருசத்துல அவளுக்குன்னு அவுக அப்பா செஞ்சது இது ஒண்ணுதான் மதினி. இதப் போயி நான் கக்கூஸ்ல கொட்டவா?"

நான் அண்ணே, அண்ணே என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். போன் அணைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரிக்கு அழுகை வந்தால் அசிங்கமாக இருக்கும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே தெருவில் பூக்கடைக்காரி மாலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

டீச்சர்தான் கீழே உட்கார்ந்தார். அந்த முட்டியோடு, சுவரைப் பிடித்து, மெதுவாய், பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மதினியின் முழங்காலில் கை வைத்தார். இதுவரை திட்டிக்கொண்டிருந்தவர், இப்போது திட்டவில்லை.

"பொடி போயிச் சேரணுமா, நீ போயிச் சேரணுமாம்மா? அவளுக்கு எது வேணும்?" என்று கேட்டார்.

மதினி முழங்காலில் இருந்த டீச்சரின் கையைப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். பூட்டைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "நல்லாத்தான் வறுத்திருக்கேன்" என்றாள். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டு போனது. மூன்றையும் அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

ஒரேயடியாய்க் கொட்டினால் அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாய்க் கொட்டு என்றேன். அவள் கை கையாய் அள்ளிப் போட, நான் தண்ணீர் விட்டேன். சிவப்பாய்ச் சுழன்று சுழன்று போனது. சின்ன அறை. பொடி பறந்து மூக்கில் ஏறி மூவருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டது. கம்பத்துக் கறிக்குழம்பு வாசம் கதவிடுக்கு வழியாய் வராந்தாவுக்கே போயிருக்க வேண்டும். யாரோ கதவைத் தட்டினார்கள்.

உயிர் போய்விட்டது. மதினி கையில் பொட்டலத்தோடு சிலை மாதிரி நின்றாள். நான் பொட்டலத்தைப் பிடுங்கித் துண்டுக்கு அடியில் மறைத்தேன். டீச்சர்தான் போய்க் கதவை ஒரு சாண் திறந்தார். அறையைச் சுத்தம் செய்கிற சீனப் பெண். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "நோ குக்கிங், மேடம், நோ குக்கிங்" என்றாள். டீச்சர் வாழ்நாளில் பொய் சொன்னவர் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். தன் மூக்கைக் காட்டி, மார்பைக் காட்டி, சளி, சளி என்று இங்கிலீஷில் சொல்லி, இரண்டு தும்மலும் போட்டார். தும்மல் மட்டும் நிஜம். அந்தப் பெண் எங்கள் மூவரின் சிவந்த கண்ணையும் பார்த்துவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் மெல்லிய காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். டீச்சருக்கு அதற்கப்புறம் நிஜமாகவே தொண்டை அடைத்துவிட்டது.

மூன்றாவது பொட்டலத்தில் பாதி இருக்கும்போது மதினியின் போன் அடித்தது. அவள் கை முழங்கை வரைக்கும் பொடி. என் கையும் அப்படித்தான். டீச்சர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, மதினியின் முகத்துக்கு நேராய்ப் பிடித்தார். அண்ணன்தான்.

கொட்டியாச்சா என்று கேட்டார். மதினி ம் என்றாள்.

விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான்கு நாளாய் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததை அவர் அப்போதுதான் கேட்கிறார். சொன்னாள். சாப்பிட்டீர்களா என்றார். அதற்கும் ம் என்றாள். நாங்கள் யாரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வைத்துவிட்டாரோ என்று டீச்சர் போனைத் திருப்பிப் பார்த்தார். அப்போது தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

"டீச்சர் பக்கத்துல இருக்காகளா? பாஸ்போர்ட்டு எடுக்க என்னென்ன காயிதம் வேணும்னு கேளு."

யாருக்கு என்று டீச்சரே கேட்டார்.

"எனக்குத்தான் டீச்சர். கசகசா இல்லாம மறுபடி அரைக்கணும்ல. அத யாரு கொண்டு போயி அவளுக்குக் குடுக்குறது?"